யார் பரிமாறினார்கள்?

மெல்போர்ன் நகரத்தில் வசிக்கும் நம் அண்ணன் மகள் கைப்பேசி வழியாக ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தாள். அதில் பாதி சமையலைப் பற்றியது. மற்றப் பாதி சாப்பாட்டைப் பற்றியது. இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். சாப்பிடுகிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

கிரேக்க தேசத்துக்கு வெளியே கிரேக்கர் மிகுதியாக வாழும் நகரங்களுள் மெல்போர்னும் ஒன்று. அங்கே ஓக்லி என்னும் பகுதியில் ஒரு சனிக்கிழமை மாலை, அவளும் அவள் கணவனும் ஒரு கிரேக்க போஜனசாலைக்குப் போனார்களாம். கண்ணாடி விளக்குகள் தொங்கும் பெரிய இடம் அல்ல. மேஜைமேல் காகிதத்தை விரித்துத் தட்டுகளை வைத்துவிட்டுப் போகும் சாதாரணக் கடை. பிட்டா என்று ஒரு தட்டை ரொட்டி. ஸுவ்லாகி என்று கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சித் துண்டுகள். ஸாட்ஸிகி என்று வாயில் நுழையாத பெயருள்ள ஒன்று. "ஆச்சி, பெயரைக் கண்டு பயப்படாதே. நம் வீட்டு வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடிதான். தாளிதம் கிடையாது, பூண்டு உண்டு" என்று எழுதியிருந்தாள். அரிசியைத் திராட்சை இலையில் சுருட்டி வேகவைத்த பண்டம் ஒன்றும் வந்ததாம். அதை இலையோடு தின்ன வேண்டும் என்பது தெரியாமல், நம் மாப்பிள்ளை பூவரச இலைக் கொழுக்கட்டையைப் பிரிப்பது போல் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாராம்.

இவ்வளவும் வேடிக்கைதான். ஆனால் அவள் மனத்தில் நின்றது பக்கத்து மேஜை. கறுப்பு உடுத்திய ஒரு கிழவி நடுநாயகமாக உட்கார்ந்திருக்க, பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி அமர்ந்து, நடுவிலிருந்த தட்டுகளிலிருந்து ஆளுக்கொன்றாக எடுத்துத் தின்றுகொண்டு, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காதபடி எல்லோரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

இதை நாம் திண்ணையில் உட்கார்ந்து உரக்க வாசித்தோம். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நம் தாயார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அந்தக் கிழவிக்கு யாரு பரிமாறினது?"

கேள்வி கடல் கடந்து போய், ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: "கடைப் பையன்தான் ஆச்சி."

"நடுவிலே அவ எந்திரிக்கவே இல்லையா?"

"கடைசிவரைக்கும் எந்திரிக்கலை ஆச்சி."

"குடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டு, தாயார் கீரைக்குத் திரும்பினார்.

கணக்கு வாத்தியாருக்கு எதைக் கேட்டாலும் பெருக்கிப் பார்க்கும் துர்ப்பழக்கம் உண்டு. தாயார் இவ்வீட்டுக்கு வாழ வந்தது 19ஆவது வயதில். இப்போது வயது 78. காலைப் பலகாரத்தையும் இடைச் சிற்றுண்டியையும் விட்டுவிட்டு, மதியமும் இரவும் மட்டும் கணக்கிட்டால், 59 வருஷங்களில் சுமார் 43,000 பந்திகள். அத்தனையிலும் கடைசி இலை அவருடையது. விருந்தாளி வந்த நாட்களில் கடைசி இலையில் குழம்பின் அடிவண்டலும் ரசத்தின் தெளிவும்தான் மிஞ்சும் என்பது நேயர்கள் வீட்டிலும் தெரிந்த சங்கதியே.

கிரேக்கர் வீட்டுப் பெண்கள் ஆதிகாலந்தொட்டு இப்படி நாற்காலியில் அமர்ந்து உண்டுவந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பழைய ஆதன்ஸ் நகரத்துச் செல்வர் வீடுகளில் 'ஆண்ட்ரான்' என்று ஓர் அறை இருந்தது. ஆடவர் அறை என்று பொருள். சிம்போசியம் என்னும் மது விருந்து அங்கேதான் நடக்கும். ஆடவர் மஞ்சங்களில் சாய்ந்துகொண்டு குடிப்பார்கள், பாடுவார்கள், தத்துவம் பேசுவார்கள். குழலூதும் பெண்கள் கூலிக்கு வருவார்கள். வீட்டு எஜமானிக்கோ மகளுக்கோ அங்கே இடம் கிடையாது. காதலைப் பற்றிப் பிளேட்டோ எழுதிய உலகப் பிரசித்தமான சம்பாஷணை இத்தகைய ஒரு விருந்தில் நடப்பதாகவே அமைந்திருக்கிறது. அதில் பேச்சுத் தொடங்குமுன் குழலூதும் பெண்ணையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள்! காதலைப் பற்றி ஆடவர்கள் தனியே இருந்து முடிவு செய்துகொண்டார்கள் போலும்.

அந்த யவனர்கள் நம் கரைக்கும் வந்தவர்கள்தாம். மிளகை வாங்கிக்கொண்டு பொன்னையும் மதுவையும் கொடுத்தார்கள். மது வந்த இருகாதுச் சாடிகளின் உடைசல்கள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் கிடைத்தன; நமக்குக் கிழக்கே, வைகை கடலில் சேரும் அழகன்குளத்திலும் கிடைத்திருக்கின்றன. இஞ்சிக்குக் கிரேக்கர் வழங்கிய 'ஜிஞ்சிபெரிஸ்' என்னும் பெயர், நம் 'இஞ்சிவேர்' என்பதன் தொலைதூரத்து உறவு என்பது மொழியறிஞர் பலருடைய முடிவு. பாண்டியன் ஒருவனை வாழ்த்தி நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த மதுவைப் பற்றிய பேச்சு வருகிறது. அதைப் பொற்கலத்தில் ஏந்தி மன்னனுக்குக் கொடுத்தவர்கள் வளையணிந்த மகளிர் என்பதையும் அப்பாட்டுச் சொல்கிறது. சரக்கு எந்தத் தேசத்திலிருந்து வந்தாலும் ஊற்றிக் கொடுக்கும் வேலை யாருக்கு என்பதில் அக்காலத்தில் இரு தேசத்தாருக்கும் அபிப்பிராய பேதம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆகையால், ஓக்லியில் அந்தக் கிழவி அமர்ந்திருந்த நாற்காலி பண்டைப் பெருமையால் கிடைத்ததன்று. ஆஸ்திரேலியாவில் கிரேக்கர் நடத்திய கடைகளின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நாட்டின் சிற்றூர்களில்கூடக் கிரேக்கரின் சாப்பாட்டுக் கடை இருக்கும். 1932இல் சிட்னி நகரத்து மார்ட்டின் பிளேஸில் திறக்கப்பட்டுப் பிரபலமான பால் சிற்றுண்டிக் கடையும் ஒரு கிரேக்கருடையதே. ஆனால் அந்தக் கடைகளில் கிரேக்க உணவு கிடைப்பது அரிது. ஊரார் பழகிய மாட்டிறைச்சி வறுவலும் முட்டையும் முன்கட்டில். தம் ஊர்ச் சமையல் கடைக்காரர் குடும்பத்துக்கு மட்டும் பின்கட்டில். அந்தச் சமையல் பின்கட்டைத் தாண்டி முன்கட்டு மேஜைக்கு வருவதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. பின்கட்டிலிருந்து முன்கட்டுக்கு வரும் தூரம் மிகவும் குறைவு. ஆனால் அதைக் கடக்கப் பிடிக்கும் காலமோ மிகவும் அதிகம்.

நம் பக்கத்திலும் அப்படித்தான்.

முற்காலத்தில் வெளியே உண்பது என்றாலே கௌரவக் குறைவு. கட்டுச்சோறு இல்லாமல் பிரயாணம் கிளம்புகிறவன் திக்கற்றவன். பிறகு ரெயிலும் கச்சேரியும் கல்லூரியும் வந்தன. காபி கிளப்புகள் வந்தன. அவற்றோடு யார் எங்கே உட்காருவது என்ற சண்டையும் வந்தது. நமக்குத் தெற்கே தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவியில், வ. வே. சு. ஐயர் 1922இல் ஒரு குருகுலம் நிறுவினார். தேசபக்தியே அங்கே பாடம். ஆனால் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே சோறு போட்டார்கள் என்பதிலிருந்து எழுந்த சச்சரவு 1925 வாக்கில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே இரண்டுபடச் செய்துவிட்டது. சுதந்திரம் வந்த பிறகும், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கும்படி 1957இல் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றார்கள். தென் ஜில்லாக்களின் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஆணியில் தொங்கிற்று. இலைபோட்டுச் சோறு தின்னும் சின்னக் காரியத்துக்குள் எத்தனை சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது, பாருங்கள்!

1950ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தில் 15ஆவது ஷரத்து என்று ஒன்று உண்டு. கடை, உணவு விடுதி, ஹோட்டல் முதலிய பொது இடங்களுக்குள் செல்ல மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் என்னும் காரணங்களால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது அது. வகுப்பில் இதைப் பாடமாக நடத்தும்போது பிள்ளைகள் 'ஜாதி' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்கிறார்கள். அடிக்கோடிட வேண்டியதுதான். அதற்கு அடுத்தாற்போல் 'பால்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் கீழ் எந்தப் பையனும் கோடு போட்டு நாம் பார்த்ததில்லை.

இனி, பரோட்டாக் கடைக்கு வருவோம். கிரேக்கருக்கு அந்தச் சாதாரணப் போஜனசாலை எப்படியோ, இராஜபாளையம் வட்டாரத்துக்குப் பரோட்டாக் கடை அப்படி. தெருவுக்குத் தெரு இருக்கிறதே, இது நம் முன்னோர் காலத்துப் பண்டமாக்கும் என்று இளைஞர்கள் நினைக்கக்கூடும். கோதுமை இந்தக் கரிசலிலும் செவலிலும் விளைகிற பயிரே அல்ல. 1942இல் பர்மாவை ஜப்பானியர் பிடித்துக்கொண்டதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது, ரேஷன் வந்தது, கோதுமையும் மாவும் சோற்றுக்குப் பதிலாக நம் ஜனங்களின் இலைக்கு வந்தன. 1956க்குப் பிறகு அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கிற்று. பஞ்சத்துக்கு வந்தது, ருசிக்குத் தங்கிவிட்டது. விருதுநகர்க்காரர்கள் அதை எண்ணெயில் பொரித்துத் தங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டினார்கள். மேற்கே செங்கோட்டைப் பக்கத்தில் 'பார்டர் பரோட்டா' என்று பிரசித்தம். செங்கோட்டை 1956 நவம்பர் முதல் தேதி வரையில் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்த ஊராக இருந்தது. அன்று எல்லைக்கோடு மேற்கே மலைப் பக்கம் நகர்ந்துவிட்டது. பார்டர் என்ற பெயர் மட்டும் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டு கீழேயே தங்கிவிட்டது.

மைதாவின் குணதோஷங்களைப் பற்றி வைத்தியர்கள் சொல்வதை நாம் மறுக்கவில்லை. தினந்தோறும் தின்னத் தகுந்த பண்டம் அல்லதான். ஆனால் அது செய்யப்படும் விதத்தைச் சற்று நின்று பார்த்தவர்கள் அதைத் துச்சமாகப் பேச மாட்டார்கள். மாவை உப்பும் நீரும் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, உருட்டி, ஈரத்துணி போர்த்தி ஓய்வெடுக்க விடுகிறார்கள். ஓய்வு கொடுக்காத மாவு இழுத்தால் சுருங்கும். ஓய்வெடுத்த மாவோ மாஸ்டர் வீசுகிற வீச்சில் பின்னால் இருக்கிற ஆள் தெரியும்படி மெல்லிதாக விரியும். அதை மடித்துச் சுருட்டித் தட்டிக் கல்லில் இட்டு, வெந்ததும் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிக்கும்போதுதான் ஏடு ஏடாக உதிர்கிறது. அந்த நிமிஷத்தில் தின்ன வேண்டும். சூடு தணிந்தால் வெந்த மாவுச்சத்து மீண்டும் இறுகும், பரோட்டா தோலாகிவிடும். ரசாயனம் படித்தவர்களுக்கும் இது தெரியும். பார்சல் பரோட்டா தின்றவர்களுக்கும் தெரியும்.

பார்சல் தின்கிறவர்கள் யார்? பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்கள். சிற்றூர்ப் பரோட்டாக் கடைகளில் இரவு எட்டு மணிக்கு எட்டிப் பாருங்கள். பெஞ்சியில் இருப்போர் அநேகமாக ஆடவர். அவர்கள் கல்லிலிருந்து இறங்கியதை இலையில் வாங்கித் தின்கிறார்கள். எழுந்து கை கழுவும்போது, "வீட்டுக்கு எட்டு பார்சல்" என்கிறார்கள். வாழையிலையில் மடித்து, மேலே செய்தித்தாளைச் சுற்றி, சால்னாவைப் பையில் ஊற்றி நூல் சுற்றுகிறான் பையன். (அந்தப் பிளாஸ்டிக் பையை 2019ஆம் வருஷமே சர்க்கார் தடை செய்திருக்கிறது. அது வேறு கதை.) பொட்டலம் வீடு வந்து சேருமுன் பரோட்டா தன் இயல்பை இழந்துவிடுகிறது. அதையும் பிரித்து, பிள்ளைகளுக்குப் பிய்த்துப் போட்டு, மிச்சத்தைத் தின்னும்போது வீட்டுப் பெண்களின் மனத்தில் என்ன தோன்றும்? இந்தத் தோலுக்காகவா ஊரே கூடி நிற்கிறது என்று தோன்றும்! பரோட்டாவைப் பற்றிய ஆண் பெண் அபிப்பிராய பேதத்துக்கு மூலகாரணம் இதுவே என்பது நம் துணிபு. இருவரும் ஒரே பண்டத்தைத் தின்னவேயில்லை.

நம் தளவாய்புரத்தைப் பொறுத்தவரையில் இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. இராஜபாளையத்துக்குத் தென்மேற்கே, மேற்கு மலையின் நிழலில், முகவூரும் செட்டியார்பட்டியுமாகச் சேர்ந்து கிடக்கும் இவ்வூர் இப்போது தையலுக்குப் பெயர்போனது. காலையில் நடந்தால் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரத்தின் ஒலி கேட்கும். தைப்பது பெரும்பாலும் நைட்டி. இரவுக்கென்று ஏற்பட்ட அந்த ஆடை தமிழ்நாட்டில் பகலையும் பிடித்துக்கொண்டு, அடுப்படியின் சீருடையாகவே ஆகிவிட்டதை நேயர்கள் அறிவார்கள். அதைத் தைக்கிறவர்களில் பெண்கள் ஏராளம். துண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, வாரக் கடைசியில் கூலி வாங்குகிறார்கள். சனிக்கிழமை மாலை அந்தக் கூலியை முடிந்துகொண்டு பரோட்டாக் கடையைக் கடந்து வீட்டுக்குச் சமைக்கப் போகிறார்கள். கையில் காசு இருக்கிறது, கடை வழியில் இருக்கிறது, பசியும் இருக்கிறது. உள்ளே போய் உட்காரும் வழக்கம் ஒன்றுதான் இல்லை. மிஞ்சினால் வாசலில் ஒதுங்கி நின்று பார்சல் வாங்குவார்கள்.

தாயாரின் கேள்வி காதில் ஒலித்துக்கொண்டே இருந்ததால், எல்லோருமாக ஒருநாள் போவதென்று நம் இல்லத்தில் தீர்மானமாயிற்று. புரட்டாசி கழியட்டும் என்றார் தாயார். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, மழை விட்டிருந்த மாலையில், தாயாரும், நம் மனைவியும், மக்கள் இருவருமாகப் போனோம். கடையில் ஒரு கணம் பேச்சு நின்றது. கல்லாவில் இருந்தவர் நல்ல மனிதர். உடனே எழுந்துவந்து, உள்ளே பச்சைத் திரை போட்டிருந்த சிறு அறையைக் காட்டி, "ஃபேமிலி ரூம் இருக்குங்க, அங்க உக்காரலாம்" என்றார்.

தாயார் திரையை விலக்கிப் பார்த்தார். அறையில் காற்று இல்லை. மூலையில் வெங்காயச் சாக்கு இருந்தது. திரையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"வீட்டிலேயும் அடுப்படிக்குள்ளேதானே இருக்கேன். மாவு வீசுறதைப் பார்க்கணும்னு வந்தா இங்கேயும் உள்ளே போகச் சொல்றீகளே" என்றார்.

கல்லாக்காரர் சிரித்துவிட்டார். கல்லுக்கு எதிரே இருந்த மேஜையில் மூன்று இளைஞர்கள் தங்கள் இலைகளைத் தூக்கிக்கொண்டு, சொல்லாமலே இடம் மாறினார்கள். தாயார் நடுவில் உட்கார்ந்தார்.

திரைக்கு ஆதரவாகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எத்தனையோ பெண்களுக்கு முதல் நாள் அந்தத் திரை இருப்பதால்தான் கடைக்குள் கால்வைக்கத் துணிவு வருகிறது. கைக்குழந்தைக்காரிக்கு அது சௌகரியமும்கூட. ஆனால் முதல் நாளுக்கு ஏற்பட்டது என்றைக்கும் ஏற்பட்டதாகிவிடக் கூடாது. சாக்கு வைக்கும் மூலை அதுவாகவும் இருக்கக் கூடாது. ஆதன்ஸ் நகரத்தார் ஆடவருக்கு ஓர் அறை கட்டினார்கள். நாம் கடை முழுவதையும் ஆடவர் அறையாக்கிவிட்டுப் பெண்களுக்குத் திரை கட்டினோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பரிமாற வந்த பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன். தமிழ் நன்றாகவே பேசினான். "பாட்டி, சூடா இருக்கு, மெதுவா" என்று இலையில் இரண்டு பரோட்டாவைப் போட்டு, சால்னாவை ஊற்றினான். தாயார் அனிச்சையாக எழுந்து பேரனுக்கு ஊற்றப் போனார். பையன் தூக்குவாளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "நான் ஊத்துறேன் பாட்டி, நீங்க சாப்பிடுங்க" என்றான். சம்பளத்துக்குச் சொன்ன வார்த்தைதான். ஆனாலும் அந்த வார்த்தையை இந்த 59 வருஷத்தில் அவரிடம் சொன்னவர் யார் என்று யோசித்தால், விரல் மடக்க அதிக வேலை இல்லை.

கிரேக்க மொழியில் 'க்ஸேனோஸ்' என்ற சொல்லுக்கு அந்நியன் என்றும் பொருள், விருந்தினன் என்றும் பொருள். நம் 'விருந்து' என்ற சொல்லுக்குத் தொல்காப்பியத்தில் புதுமை என்றே பொருள். புதிதாக வருகிறவன் ஆதலால் வந்தவனே விருந்து. பிறகுதான் அவனுக்கு இட்ட சோற்றுக்கும் அப்பெயர் ஆயிற்று. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் ஓர் அதிகாரமாகவே வைத்தார். அன்று அந்த மேஜையில் யார் விருந்து, யார் ஓம்பினவர்? ஊருக்குப் புதியவன் ஒருவன், கடைக்குப் புதியவரான ஒரு கிழவிக்கு ஓம்பிக்கொண்டிருந்தான். இரண்டு மொழிச் சொற்களும் அந்த மேஜையில் சரியாகப் பொருந்தின.

சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் நம் மனைவி, "அத்தை, எல்லாருமா ஒரே நேரத்திலே உக்காந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள்.

"கூடாரவல்லி அன்னைக்குக் கோயில்லே" என்றார் தாயார்.

இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே பிறந்த பெண் பாடிய திருப்பாவையில் 27ஆம் பாசுரம், நோன்பு முடித்த பெண்கள் எல்லோரும் நெய் ததும்பும் பால்சோற்றைச் சேர்ந்து அமர்ந்து உண்ணும் மகிழ்ச்சியைச் சொல்வது. மார்கழி 27ஆம் நாள் அந்தப் பாசுரத்துக்காகவே அக்காரவடிசில் செய்கிறோம். அதைக் கிண்டுவதும் பெண்கள், எடுத்து வைப்பதும் பெண்கள் என்பதால், பாசுரத்தின் பின்பகுதி பல வீடுகளில் பாராயணத்தோடு நின்றுவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஜில்லாவே சந்தோஷப்பட்டது. கிரேக்கர் தங்கள் ஃபெட்டா என்னும் பாலாடைக் கட்டியின் பெயருக்கு 2002இல் ஐரோப்பியச் சட்டத்தின் காவலைப் பெற்றார்கள். பண்டத்தின் ஊரைச் சட்டம் காப்பாற்றும். அதைக் கிண்டியவள் சூட்டோடு தின்றாளா என்று கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அன்று நாம் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. தாயார் இரண்டாவது பரோட்டாவில் பாதியை உண்டதும், சால்னாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "சோம்பு கூடிப்போச்சு" என்றார். சற்றுப் பொறுத்து, "தேங்காயை இன்னும் மைய அரைக்கணும்" என்றார். கொத்துப் பரோட்டா வந்ததும், வெங்காயம் வதங்கவில்லை என்றார். ஆம்லெட்டில் மிளகு குறைவு. இவ்வளவையும் வருத்தமாகச் சொல்லவில்லை; பரமானந்தமாகச் சொன்னார்! அப்போதுதான் அதன் சுகம் விளங்கிற்று. சாப்பாட்டில் குறை சொல்வது என்பது இந்நாட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் ஏகபோக உரிமை. சமைத்தவள் தன் சமையலைக் குறை சொன்னால் அது அடக்கம். பிறர் சமைத்ததைக் காசு கொடுத்துத் தின்று குறை சொன்னால் அதுவே அதிகாரம். 43,000 பந்திகளில் உப்பு இல்லை, புளி அதிகம் என்று கேட்டுக்கொண்டே நின்றவர், அன்று ஒரே மாலையில் நான்கு குறை சொன்னார். மாஸ்டரும் கரண்டியை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்து, "அடுத்த தடவை சோம்பைக் குறைச்சிருவோம்மா" என்றார்.

நாம் எழும்போது வாசலில் தையல் வேலை முடிந்த பெண்கள் மூவர் பார்சலுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் விட்ட மேஜையைப் பையன் துடைத்துக்கொண்டிருந்தான். அவர்களில் ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, மற்ற இருவரிடமும் ஏதோ சொன்னாள். மூவரும் சிரித்தார்கள். அன்று அவர்கள் பார்சலோடுதான் போனார்கள்.

கல்லாக்காரரிடம் காசு கொடுக்கையில், கை கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு விளக்கும், வாசலோரத்தில் இருவர் மூவர் அமரும்படி ஒரு தனி மேஜையும் போடலாமே என்று சொல்லி வைத்தோம். திரையை எடுத்துவிடும்படி சொல்லவில்லை. வெங்காயச் சாக்கைத்தான் எடுக்கச் சொன்னோம். போடுகிறேன் என்றார். தையற்கூடங்கள் நடத்துகிறவர்களில் நமக்குப் பழைய மாணாக்கர் சிலர் உண்டு. சனிக்கிழமை கூலியை ஆறரை மணிக்குக் கொடுப்பதை ஐந்தரைக்கே கொடுத்துவிட்டால் என்ன என்று அவர்களையும் கேட்டிருக்கிறோம். ஐந்து மணிக்குக் கல் சூடாகிறது. முதல் அடுக்குப் பரோட்டா ஐந்தரைக்குத் தயாராகிவிடும். அதுதான் நல்ல பரோட்டா. ஆடவர் கூட்டம் வருவதற்கும் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.